கோட்டாப் படங்களின் திரைக்கதையாளர்: ஒரு தொழில் வாழ்க்கையைத் தேடித் தொகுக்கும் முறை

1930-களில் எடுக்கப்பட்ட மலிவான பிரிட்டிஷ் துப்பறியும் படங்கள் பல இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடி முடிந்துவிடும் அந்தப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள், நடிகர்களும் இயக்குநர்களும் மாறிக்கொண்டே இருக்கும்போது, திரைக்கதை என்ற இடத்தில் மட்டும் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் கவனித்திருக்கக் கூடும். அந்தப் பெயருக்கு உரியவர் எப்படி எழுதினார், யாருக்காக எழுதினார், அந்தத் தொழில் அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்று தேட விரும்புபவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, டுவிக்கன்ஹாம் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் ஜூலியஸ் ஹேகனிடம் பணியாற்றிய எச். ஃபவுலர் மியரை வைத்துக்கொள்கிறேன். டஜன் கணக்கான படங்களில் பெயர் இருந்தும், பிறருடைய வாழ்க்கைக் கதைகளில் ஓரிரு வரிகளுக்குள் வந்துபோகிறவர் அவர் என்பதால், இந்த வகைத் தேடலின் எல்லாச் சிக்கல்களையும் அவரை வைத்தே காட்டிவிட முடியும்.

முதலில் சட்டம்

படங்களைப் பார்ப்பதற்கு முன்பே 1927-ஆம் ஆண்டின் சினிமட்டோகிராஃப் படங்கள் சட்டத்தைப் படித்துவிட வேண்டும். பிரிட்டிஷ் திரையரங்குகளை ஹாலிவுட் படங்கள் கிட்டத்தட்ட முழுமையாகவே ஆக்கிரமித்துக்கொண்டிருந்த நிலையில், உள்நாட்டுத் தயாரிப்பைக் காப்பாற்றுவதற்காக வந்த அந்தச் சட்டம், விநியோகஸ்தர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் படங்களிலும் திரையரங்குகள் காட்டும் படங்களிலும் ஒரு குறிப்பிட்ட பங்கு, அதாவது கோட்டா, பிரிட்டிஷ் படங்களாக இருக்க வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் விநியோகஸ்தர்களுக்கு 7.5 சதவீதம், திரையரங்குகளுக்கு 5 சதவீதம் என்றிருந்த அந்தப் பங்கு, படிப்படியாக உயர்ந்து 1930-களின் நடுவில் இரு தரப்புக்கும் 20 சதவீதமானது. லண்டனில் கிளை வைத்திருந்த அமெரிக்க விநியோக நிறுவனங்களுக்கு இது ஒரு தண்டச் செலவாகத் தெரிந்தது. ஆகவே, எவ்வளவு குறைந்த விலையில் முடியுமோ அவ்வளவு குறைந்த விலையில் பிரிட்டிஷ் படங்களை எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டன. வார்னர் நிறுவனம் டெடிங்டனிலும் ஃபாக்ஸ் நிறுவனம் வெம்ப்ளியிலும் சொந்தமாகவே ஸ்டூடியோ நடத்தின; மற்றவை ஹேகன் போன்றவர்களிடம் கொள்முதல் செய்தன. இப்படிப் பிறந்தவைதான் கோட்டா குவிக்கி, அதாவது கோட்டாவுக்காக அவசரமாக எடுத்தவை, என்று ஏளனமாக அழைக்கப்பட்ட படங்கள்.

அந்தச் சட்டத்தில் திரைக்கதையாளரைத் தேடுபவர் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. ஒரு படம் பிரிட்டிஷ் படமாகப் பதிவு பெற வேண்டுமானால், அதைத் தயாரித்தவர் பிரிட்டிஷ் பிரஜையாகவோ பிரிட்டிஷ் நிறுவனமாகவோ இருக்க வேண்டும், ஸ்டூடியோக் காட்சிகள் பேரரசுக்குள் இருக்கும் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், சில விலக்குகள் போகச் சம்பளத் தொகையில் 75 சதவீதம் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கோ பேரரசில் குடியிருப்பவர்களுக்கோ சென்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு, திரைக்கதையை எழுதியவர் பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனையாக இருந்தது. இயக்குநருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நியூயார்க்கில் பிறந்த பெர்னார்ட் வோர்ஹாஸ் டுவிக்கன்ஹாமில் இயக்க முடிந்தது அதனால்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களும் அன்று பிரிட்டிஷ் பிரஜைகளே ஆகையால், சென்னையில் பிறந்த ஒருவர் எழுதியிருந்தாலும் ஏட்டளவில் இந்த நிபந்தனை நிறைவேறியிருக்கும், ஏட்டளவில் மட்டும். நமக்கு இதில் முக்கியமானது என்னவென்றால், திரைக்கதையாளரின் பெயர் அந்தப் படங்களில் வெறும் மரியாதைக்காகப் போடப்பட்டதன்று, பதிவுக்குத் தேவைப்பட்ட ஒரு தகவல் என்பதுதான். தேவைப்பட்ட தகவலாக இருந்ததாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஓர் எளிய கணக்கு. இந்தப் படங்களுக்கு அடிக்கு ஒரு பவுண்டு என்பதுதான் பேச்சுவழக்கில் இருந்த விலை. பேசும் படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 6,000 அடிப் படம் என்றால் ஏறத்தாழ 67 நிமிடம், செலவு ஏறத்தாழ 6,000 பவுண்டு. செட், சம்பளம், படச்சுருள், ஸ்டூடியோ வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எழுத்தாளர் கையில் பேனாவை எடுப்பதற்கு முன்பே படத்தின் நீளமும் செலவும் முடிவாகிவிட்டன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் படத்தைப் பார்க்கும்போது எதைப் பாராட்டுவது, எதைக் குறை சொல்வது என்பதில் தடுமாற்றம் இருக்காது.

பட்டியல் தயாரித்தல்

இணையத் தரவுத்தளம் ஒன்றிலிருந்து படப் பெயர்களை இறக்கிக்கொண்டு, அதையே அவருடைய தொழில் வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. அந்தப் பட்டியல் ஒரு தொடக்கப் புள்ளிதான். டெனிஸ் கிஃபர்ட் தொகுத்து 1973-இல் வெளிவந்த பிரிட்டிஷ் திரைப்பட அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு படத்தையும் சரிபார்க்க வேண்டும். அதில் நீளம், தயாரிப்பு நிறுவனம், விநியோகஸ்தர், மூலக் கதை, திரைக்கதை எழுதியவர் ஆகிய விவரங்கள் ஒரே பதிவில் சுருக்கமாகக் கிடைக்கும். இரண்டும் முரண்படும் இடத்தில், முடிந்தால் படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலையே நிறுத்திப் பார்த்து, அதிலுள்ள சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கதை, தழுவல், திரைக்கதை, வசனம் ஆகியவை வேறு வேறு வேலைகள். ஒரு நாடகத்தைத் திரைக்கு ஏற்றபடி காட்சி பிரித்தவரும், அதற்குக் கூடுதல் வசனம் எழுதியவரும் தரவுத்தளத்தில் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடுவதால், பின்னவர் படம் முழுவதையும் எழுதியதாக ஒரு தோற்றம் ஏற்பட்டுவிடுகிறது.

பெயர்களில் இரண்டு வகைக் குழப்பம் வரும். ஒன்று ஆளின் பெயர்: மியரின் பெயர் சில இடங்களில் முதலெழுத்தோடும் சில இடங்களில் அது இல்லாமலும் வரும், ஃபவுலர் என்பதைக் குடும்பப் பெயரின் பகுதியாகக் கொண்டவர்கள் ‘எஃப்’ வரிசையிலும், கொள்ளாதவர்கள் ‘எம்’ வரிசையிலும் அடுக்கியிருக்கலாம் என்பதால் இரண்டிலும் தேட வேண்டும். மற்றொன்று படத்தின் பெயர். 1932-இல் டுவிக்கன்ஹாமில் மாரிஸ் எல்வி இயக்கிய ‘தி லாட்ஜர்’ அமெரிக்காவில் ‘தி ஃபேண்டம் ஃபீண்ட்’ என்ற பெயரில் சுருக்கப்பட்டு வெளியானது. 1937-இன் ‘சில்வர் பிளேஸ்’ அங்கே ‘மர்டர் அட் தி பாஸ்கர்வில்ஸ்’ ஆனது. இரண்டிலும் மியரின் பங்கு உண்டு. இவற்றைக் கவனிக்காமல் எண்ணினால் இரண்டு படம் நான்காகிவிடும். இன்று இணையத்தில் கிடைப்பவற்றில் பல அமெரிக்கப் பிரதிகளே என்பதால், நீளத்தைக் கிஃபர்டின் பதிவோடு ஒப்பிடாமல் திரைக்கதையின் கட்டமைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. ஒரு காட்சி இல்லையென்றால் அதை எழுதாதவர் மியரா, வெட்டியவர் நியூயார்க் விநியோகஸ்தரா என்று தெரியாது.

தேதியைப் பொறுத்தவரை, வர்த்தகக் காட்சி நடந்த நாளைக் குறித்துக்கொள்வதே சரி. படத்தைத் திரையரங்கு உரிமையாளர்களுக்குப் போட்டுக் காட்டாமல் முன்கூட்டியே விற்பதை 1927 சட்டம் தடுத்ததால், ஒவ்வொரு படத்துக்கும் அப்படி ஒரு காட்சி நடந்தாக வேண்டியிருந்தது. தொழில்துறை இதழ்கள் அதை விடாமல் பதிவு செய்தன. பொதுவெளியீடு மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம், மறுவெளியீடுகள் பல ஆண்டு கழித்தும் வரலாம். எழுதிய காலம் வர்த்தகக் காட்சிக்குச் சற்று முந்தையது என்று கொண்டால் பெரும்பாலும் தவறாது. இவ்வளவு மலிவான படங்களில் எழுதுவதற்கும் எடுப்பதற்கும் இடையே நீண்ட இடைவெளி விடுமளவுக்கு எவரிடமும் பணம் இல்லை.

ஸ்டூடியோவோடு பொருத்துதல்

பட்டியல் சீரானதும் அதைத் தேதி வாரியாக அடுக்கி, தயாரிப்பாளரும் ஸ்டூடியோவும் எங்கே மாறுகிறார்கள் என்று பாருங்கள். தொழில் வாழ்க்கையின் உண்மையான வடிவம் அங்கேதான் வெளிப்படும். இயக்குநர்கள் மாறியும் தயாரிப்பாளர் மாறாமல் ஆண்டுக்கணக்கில் பெயர் வந்துகொண்டிருந்தால், அவர் மாதச் சம்பளத்துக்கோ வாரச் சம்பளத்துக்கோ கதை இலாகாவில் அமர்த்தப்பட்டவர் என்று ஊகிக்கலாம். மியரின் பட்டியல் அப்படிப்பட்டது: லெஸ்லி ஹிஸ்காட், ஹென்றி எட்வர்ட்ஸ், மாரிஸ் எல்வி, வோர்ஹாஸ் எனப் பலர் வந்துபோக, அவர் ஹேகனின் கூரையின்கீழ் இருந்துகொண்டே இருக்கிறார். மாறாக, பெயர் எல்ஸ்ட்ரீ, வால்டன், பீக்கன்ஸ்ஃபீல்டு என்று ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தால், அவர் படத்துக்குப் படம் பேரம் பேசி வாழ்ந்தவர்.

ஹேகன் இரவும் பகலும் ஷிஃப்ட் முறையில் ஸ்டூடியோவை இயக்கினார் என்பது நன்கு பதிவான செய்தி. பகலில் ஒரு குழு நடித்துவிட்டுப் போன தளத்தில் இரவில் மற்றொரு குழு வேலை செய்த இடத்தில், கதை இலாகாவின் வேலை ஒருபோதும் தீர்ந்திருக்க முடியாது. அவருடைய படங்கள் டுவிக்கன்ஹாம், ரியல் ஆர்ட் எனப் பல நிறுவனப் பெயர்களில் வெளிவந்தன. பெயரைப் பார்த்து எழுத்தாளர் முதலாளி மாறிவிட்டார் என்று முடிவு செய்துவிடாமல், அந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் யார் என்று பாருங்கள். கலைக்கப்பட்ட நிறுவனங்களின் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிடி 31 என்ற தொகுதியில் இருக்கின்றன. எல்லா நிறுவனங்களின் கோப்பும் எஞ்சவில்லை, ஆனால் எஞ்சியவற்றில் பங்குதாரர் பட்டியலும் கடன் விவரமும் கிடைத்தால் அதுவே ஓர் அத்தியாயத்துக்கு ஆகும்.

ஸ்டூடியோவின் வீழ்ச்சியையும் எழுத்தாளரின் காலவரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலிவுப் படங்களை விட்டுப் பெரிய படங்களுக்குத் தாவி, விநியோகத்தையும் தானே நடத்த முயன்ற ஹேகனின் நிறுவனம் 1937 ஜனவரியில் கடன் கொடுத்தவர்களின் பொறுப்புக்குப் போனது. அடுத்த ஆண்டு வந்த புதிய சட்டம், கோட்டாவில் சேர வேண்டிய படத்துக்குக் குறைந்தபட்சம் 7,500 பவுண்டு ஊதியச் செலவாவது ஆகியிருக்க வேண்டும் என்று விதித்து, மலிவுப் படங்களின் அடிமடியிலேயே கை வைத்தது. 1936 முதல் 1939 வரை ஓர் எழுத்தாளரின் பட்டியலில் திடீரென்று வெற்றிடம் தெரிந்தால், அவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன், அவருக்குச் சம்பளம் கொடுத்த இடம் அப்போது இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். திரைக்கதையாளர்களுக்கென்று ஒரு சங்கம் 1937-இல் உருவானதும் இந்தப் பின்னணியில்தான்.

படத்தைப் பார்க்கும் முறை

இதற்குத்தான் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும். மியரின் பட்டியலை ஒரு முறை பார்த்தாலே தெரியும், அவர் பெரும்பாலும் பிறர் கதைகளைச் சுருக்கித் தந்தவர். கோனன் டாயில், அகதா கிறிஸ்டி, டிக்கன்ஸ், ஜோசப் ஜெஃபர்சன் ஃபார்ஜன் ஆகியோரின் கதைகள் அவர் மேசைக்கு வந்தன. அவை 6,000 அடிக்குள்ளும், டுவிக்கன்ஹாமில் போட முடிந்த செட்டுக்குள்ளும் அடங்கியாக வேண்டும். ஆகவே அவருடைய திறமையைச் சொந்தக் கற்பனையில் தேடுவது வீண்; மூலத்துக்கும் படத்துக்கும் இடையே எது போயிற்று, போனதன் இடத்தில் என்ன வந்தது என்பதில்தான் தேட வேண்டும். மூலத்தைப் படிக்காமல் அவரைப் பற்றி எழுதுபவர்கள் ஃபார்ஜனையோ கிறிஸ்டியையோ பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் பார்வையில் கதையைப் பாருங்கள். இரண்டாவது பார்வையில் ஒரு நோட்டை எடுத்து, காட்சிக்கு ஒரு வரி வீதம் இடம், பேசுபவர்களின் எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் மொத்தம் எத்தனை செட், அவற்றில் எது எத்தனை முறை திரும்பி வருகிறது, வெளிப்புறக் காட்சிகள் படத்தின் எந்தப் பகுதியில் குவிகின்றன என்று எண்ணுங்கள். தொலைபேசிக் காட்சிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: ஒரே நடிகர், ஒரே மூலை, ஒரே கோணம் என்று முடிந்துவிடுவதால், கதையை நகர்த்த அதைவிட மலிவான வழி இல்லை. செய்தித்தாள் தலைப்பைக் காட்டுவதும், கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவதும் அதே வகை. இவை எத்தனை என்று எண்ணுவதைவிட, எந்த இடத்தில் பயன்படுத்தப்பட்டன என்று பார்ப்பது பலன் தரும். நல்ல கைகாரர் சுவாரசியமில்லாத தகவலைத் தொலைபேசியில் தள்ளிவிட்டு, மிச்சமான பணத்தை ஒரு நல்ல காட்சிக்கு வைத்துக்கொள்வார். சோம்பேறி உச்சக்கட்டத்தையே தொலைபேசியில் சொல்லி முடித்துவிடுவார்.

1933-இன் ‘தி கோஸ்ட் கேமரா’ இந்தப் பயிற்சிக்கு நல்ல படம். மூலம் ஃபார்ஜனின் கதை, திரைக்கதை மியர், இயக்கம் வோர்ஹாஸ், படத்தொகுப்பு, அப்போது இயக்குநராகாத டேவிட் லீன். விடுமுறையிலிருந்து திரும்பும் ஒரு மருந்தாளர், தன் காரில் தன்னுடையதல்லாத ஒரு கேமரா கிடப்பதைக் காண்கிறார்; அதிலுள்ள படங்களைக் கழுவிப் பார்க்கும்போது ஒரு குற்றத்தின் தடயம் தெரிகிறது; ஒரு படத்தில் இருக்கும் பெண்ணைத் தேடிக்கொண்டு கிளம்புகிறார். ஒரு மலிவுப் படத்துக்கு இது எவ்வளவு வசதியான கதை என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு புகைப்படமும் அடுத்த காட்சிக்கான காரணத்தைத் தானே கொண்டுவந்து தருகிறது. கதாபாத்திரங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பார்வையாளரின் கண்ணே துப்பறிகிறது. இந்த வசதி ஃபார்ஜனுடையது. மியரைத் தேட வேண்டுமானால் கதாநாயகனின் பேச்சுக்குச் செல்லுங்கள். ஹென்றி கெண்டல் நடித்த அந்த மனிதர் சாதாரண விஷயத்தைக்கூடச் சுற்றி வளைத்துப் புத்தக நடையில் பேசுகிறார். அந்தப் பேச்சே நகைச்சுவையாகவும், அவருடைய கூச்சத்தைக் காட்டும் வழியாகவும், படத்தின் நீளத்தை நிரப்பும் பொருளாகவும் ஒரே நேரத்தில் பயன்படுகிறது. பேச்சுக்குச் செட் தேவையில்லை.

ஒரே எழுத்தாளரை இரண்டு இயக்குநர்களிடம் வைத்துப் பார்ப்பது இன்னொரு நல்ல வழி. 1935-இல் மட்டும் மியரின் பெயர் ஹிஸ்காட் இயக்கிய ‘தி ட்ரையம்ஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ படத்திலும், வோர்ஹாஸ் இயக்கிய ‘தி லாஸ்ட் ஜர்னி’ படத்திலும் இருக்கிறது. முன்னதில் சிரில் ட்வைஃபோர்டும் பின்னதில் ஜான் சூட்டரும் உடன் எழுதியிருக்கிறார்கள். முதலாவது டாயிலின் நாவலில் உள்ள நீண்ட அமெரிக்க முன்கதையையும் விடாமல் சுமந்துகொண்டு, ஆட்கள் நின்று பேசும் அறைகளின் வழியாக நிதானமாக நகர்கிறது. இரண்டாவது, தன் மனைவியின்மீது சந்தேகம் கொண்ட ரயில் ஓட்டுநர் தன் கடைசிப் பயணத்தில் ரயிலைக் கண்மண் தெரியாமல் ஓட்டும் கதை. பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொரு பயணியின் சிக்கலையும் சில வரிகளில் சொல்லிவிட்டு ஓடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், வேகத்தில் எவ்வளவு இயக்குநருடையது, எவ்வளவு மூலக் கதையுடையது என்று பிரித்துவிட்டு, எஞ்சுவதை மட்டும் எழுத்தாளரின் கணக்கில் வைக்கலாம். எஞ்சுவது சிறிதாக இருக்கலாம். அதைப் பெரிதாக்கிக் காட்டத் தேவையில்லை.

கோட்டாப் படங்களைவிடச் சற்றே பெரிய படமான ‘ஸ்க்ரூஜ்’, அதே 1935-இல் ஹென்றி எட்வர்ட்ஸ் இயக்கியது, சிக்கனம் எப்படிக் கற்பனையாக மாறுகிறது என்பதற்கு நான் முதலில் காட்டும் உதாரணம். டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ கதையில், கஞ்சன் ஸ்க்ரூஜைத் தேடிச் சங்கிலிகளை இழுத்துக்கொண்டு வரும் அவனுடைய இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி, இந்தப் படத்தில் கதவைத் தட்டும் வளையத்தில் ஒரு கணம் முகமாகத் தெரிந்ததோடு சரி. அறைக்குள் அது வந்தபின் கேமரா காலி நாற்காலியைக் காட்ட, குரல் மட்டும் கேட்கிறது, ஸ்க்ரூஜின் கண்ணுக்கு மட்டும் அது தெரிகிறது. கடந்தகாலத்தின் ஆவி முகமில்லாத ஓர் ஒளியுருவம்; வருங்காலத்தின் ஆவி ஒரு நிழல். கதையில் ஸ்க்ரூஜின் பழைய முதலாளி ஃபெசிவிக் கொடுக்கும் விருந்து முழுவதுமாக நீக்கப்பட்டிருக்கிறது; நடனமும் கூட்டமும் இசைக்குழுவும் எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். ஆனால் இந்த முடிவுகளை மியர் எடுத்தார் என்று எழுதிவிட முடியாது. கதாநாயகனாக நடித்த சீமோர் ஹிக்ஸ் அந்த வேடத்தை மேடையில் பல ஆண்டுகள் ஆடிப் பழகியவர், திரைக்கதையிலும் அவர் பெயர் இருக்கிறது. இத்தகைய இடத்தில் முடிவைப் படத்துக்கு உரியதாக எழுதி, எழுத்தாளர்களில் ஒருவராக மியரைக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

படம் கையில் இல்லாதபோது

கோட்டாப் படங்களில் பல தொலைந்துபோனவை. டுவிக்கன்ஹாம் ஆஸ்டின் ட்ரெவரைக் கிறிஸ்டியின் துப்பறிவாளர் போய்ரோவாக வைத்து எடுத்த மூன்று படங்களில், 1931-இன் ‘அலிபை’, ‘பிளாக் காஃபி’ இரண்டும் கிடைக்கவில்லை; 1934-இன் ‘லார்ட் எட்ஜ்வேர் டைஸ்’ மட்டும் எஞ்சியிருக்கிறது. மூன்றிலும் மியரின் பெயர் உண்டு, ‘பிளாக் காஃபி’யில் பிராக் வில்லியம்ஸோடு. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2010-இல் வெளியிட்ட, மிகவும் தேடப்படும் 75 படங்களின் பட்டியலில் மைக்கேல் பவலின் தொடக்கக் காலக் கோட்டாப் படங்களும் இடம்பெற்றன என்பதால், பிரபலமான இயக்குநருடைய படம் என்ற பாதுகாப்புகூட உதவுவதில்லை என்று தெரிகிறது.

அப்படிப்பட்ட படத்துக்கு முதலில் தொழில்துறை இதழ்களுக்குச் செல்லுங்கள். 1932 வரை வெளிவந்த ‘தி பயாஸ்கோப்’, தொடர்ந்து வெளிவந்த ‘கினிமட்டோகிராஃப் வீக்லி’, 1934 முதல் ‘மந்த்லி ஃபிலிம் புல்லட்டின்’ ஆகிய மூன்றும் கதைச் சுருக்கத்தோடு மதிப்புரை தருகின்றன. முதல் இரண்டையும் பிரிட்டிஷ் செய்தித்தாள் ஆவணக்காப்பகத்தின் தளத்தில் கட்டணம் செலுத்திப் படிக்கலாம். மதிப்புரையைப் படிக்கும்போது அது யாருக்காக எழுதப்பட்டது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: திரையரங்கு உரிமையாளருக்கு வேண்டியது படம் ஓடுமா, எந்த வகைக் கூட்டத்துக்கு ஆகும், எவ்வளவு நீளம் என்பவையே. வசனம் அதிகம் என்று அங்கே சொல்லப்பட்டால் அது இலக்கியக் கருத்தன்று, வியாபார எச்சரிக்கை.

மூலம் மேடை நாடகமாக இருந்தால் வேலை எளிதாகிறது. 1968 வரை பிரிட்டனில் புதிய நாடகங்கள் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அனுமதி பெற்றே மேடையேற வேண்டியிருந்ததால், சமர்ப்பிக்கப்பட்ட பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் பெரும் தொகுப்பாக இருக்கின்றன. அச்சில் வராத நாடகங்கள்கூட அங்கே கிடைக்கும். ‘அலிபை’ கிறிஸ்டியின் நாவலிலிருந்து மைக்கேல் மார்ட்டன் எழுதிய நாடகத்தின் திரைவடிவம். ஆகவே அதை நாவலோடு ஒப்பிடுபவர் மார்ட்டன் செய்த மாற்றங்களையெல்லாம் மியரின் தலையில் கட்டிவிடுவார்.

பலரும் எட்டிப் பார்க்காத ஒரு சுரங்கம் தணிக்கை வாரியத்தின் திரைக்கதை அறிக்கைகள். படம் எடுப்பதற்கு முன்பே திரைக்கதையை அனுப்பிக் கருத்துக் கேட்கும் வழக்கம் 1930-களில் இருந்தது. கட்டாயம் இல்லை, ஆனால் எடுத்தபின் வெட்டுவதைவிட அனுப்பிக் கேட்பது மலிவு. கர்னல் ஹன்னாவும் செல்வி ஷார்ட்டும் படித்து எழுதிய அந்த அறிக்கைகள் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் நூலகத்தில் உள்ளன. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும், வாரியத் தலைவரின் மகளும் உட்கார்ந்து துப்பறியும் கதைகளின் ஒழுக்கத்தைச் சீர்தூக்கிய அந்தப் பக்கங்கள் படிக்கவே தனி ருசி. நம் வேலைக்கு அவற்றின் பயன், படமாக ஆகாமலேயே போன திரைக்கதைகளின் சுருக்கமும் அங்கே கிடைக்கலாம் என்பதுதான். எந்தப் படப் பட்டியலிலும் அவை வராது.

ஆளைத் தேடுதல்

1921 ஜூனில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022 முதல் இணையத்தில் கிடைக்கிறது. அதில் தொழிலோடு வேலை கொடுப்பவரின் பெயரும் கேட்கப்பட்டிருப்பதால், மௌனப் படக் காலத்தில் தொடங்கியவர்களுக்கு மிகவும் உதவும். 1931-இன் கணக்கெடுப்பு 1942-இல் தீயில் அழிந்துவிட்டது, 1941-இல் எடுக்கவே இல்லை. ஆகவே அடுத்த கால்தடம் 1939 செப்டம்பர் 29-ஆம் தேதியிட்ட தேசியப் பதிவேடு. அதில் பிறந்த தேதியும் தொழிலும் உண்டு. போர் தொடங்கி ஸ்டூடியோக்கள் தடுமாறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் ஒருவர் தன்னைத் திரைக்கதையாளர் என்று எழுதிக்கொண்டாரா, பத்திரிகையாளர் என்றா, எழுத்தர் என்றா என்பது அவருடைய அன்றைய நிலையை நன்றாகவே காட்டும். திவால் அறிவிப்புகளுக்கு அரசிதழான ‘லண்டன் கெஜட்’, இறந்த ஆண்டுக்கும் விட்டுச்சென்ற சொத்து மதிப்புக்கும் உயில் பதிவு அட்டவணை. ஒரே பெயரில் இருவர் இருப்பது சர்வசாதாரணம் என்பதால், முகவரியோ மனைவியின் பெயரோ பொருந்தாமல் எந்தப் பதிவையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

பிறர் சொன்னவை

இயக்குநர்கள் பலர் நீண்ட காலம் வாழ்ந்து, பிற்காலத்தில் பேட்டி கொடுத்தார்கள், தன்வரலாறு எழுதினார்கள். ஸ்டூடியோ எழுத்தாளர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஆகவே பழைய கோட்டாப் படத்தில் எது நன்றாக இருந்தாலும் அது இயக்குநரின் சாமர்த்தியம், எது மட்டமாக இருந்தாலும் அது ஸ்டூடியோ கொடுத்த திரைக்கதை என்ற கதை நிலைத்துவிட்டது. ஒரு தரப்பு மட்டுமே சாட்சி சொன்ன வழக்கு அது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். தரையைப் பெருக்குபவர்கள் மட்டுமே இருந்த காலை நேரத்தில் இந்தப் படங்களை ஓட்டிக் கணக்குக் காட்டினார்கள் என்ற கதையும் எல்லாரும் சொல்வது. அதை எல்லாப் படங்களுக்கும் பொதுவான உண்மையாக எடுத்துக்கொண்டால், ஊர்ப்புறத் திரையரங்குகளில் இரண்டாவது படமாக இவற்றைப் பார்த்த பார்வையாளர்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்கள்.

இதன் மறுபக்கத் தவறு, மலிவுப் படங்களைப் பெரிய வெற்றிக்கான பயிற்சிக்கூடமாக மட்டும் பார்ப்பது. எல்ஸ்ட்ரீயில் கதை இலாகாத் தலைவர் வால்டர் மைக்ராஃப்டின்கீழ் சிறு வேலைகளில் தொடங்கிய சிட்னி கில்லியட்டும், அவரோடு சேர்ந்த ஃபிராங்க் லாண்டரும் 1938-இல் ‘தி லேடி வேனிஷஸ்’ எழுதினார்கள். டெடிங்டனில் வார்னருக்கு எழுதிய ஜான் டைட்டன் பின்னாளில் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்’ எழுதிய இருவரில் ஒருவரானார். அவர்களுடைய வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏணியில் ஏறாமல், வந்த வேலையை வந்த நாளில் முடித்துக்கொடுத்த மியர் போன்றவர்களை அதே அளவுகோலால் அளந்தால், ஆறு ஏழு ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவின் கதைத் தேவையைச் சுமந்தவர் தோல்வியாளராகிவிடுவார்.

எழுதும்போது

படத்துக்கு ஒரு பத்தி என்று அடுக்கினால் யாராலும் படிக்க முடியாத அட்டவணையாகிவிடும். வேலை கொடுத்தவர்களை அடிப்படையாகக் கொண்டு காலத்தைப் பிரித்து, ஒவ்வொரு காலத்துக்கும் நீங்களே பார்த்து எண்ணிய ஒன்றிரண்டு படங்களை மட்டும் விரிவாக எழுதுங்கள். மற்றவை பின்னிணைப்புக்குப் போகட்டும். பார்த்த படம், மதிப்புரை வழியாக மட்டும் அறிந்த படம், பெயர் மட்டும் தெரிந்த படம் என்ற மூன்றையும் பின்னிணைப்பில் குறியிட்டுக் காட்ட வேண்டும். ஊதியத் தொகையைப் பொறுத்தவரை, ஒப்பந்தமோ கணக்கேடோ கையில் இல்லாமல் எண் எழுதாதீர்கள். படத்தின் மொத்தச் செலவிலிருந்து வகுத்து வரும் தொகை யாருக்கும் கொடுக்கப்பட்ட தொகை ஆகாது.

தேடலின்போது தரவுத்தளங்களில் தவறான பெயர்க் குறிப்புகள் கட்டாயம் கண்ணில் படும். அவற்றைத் திருத்தக் கோரும்போது, பெயர்ப்பட்டியல் தெரியும் சட்டகத்தின் படத்தையும், அது எந்தப் பிரதியிலிருந்து, எந்த நீளத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மறுவெளியீட்டுப் பிரதியின் பெயர்ப்பட்டியல் புதிதாக அச்சிடப்பட்டதாக இருக்கலாம் என்பதால், அந்த விவரம் இல்லாத படத்தை வைத்துத் திருத்தினால் ஒரு தவறின் இடத்தில் வேறொரு தவறுதான் உட்காரும்.